ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் ஹேண்ட்ஸ்-ஃப்ரீ போனை விசிடிஎஸ் மூலம் இயக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோல்ஃப் 5, கோல்ஃப் 6, ஜெட்டா, பஸாட் பி6, ஸ்கோடாவின் இரண்டாம் தலைமுறை ஆக்டேவியா (இந்தியாவில் லாரா என்ற பெயரில் விற்றது), இரண்டாம் தலைமுறை சூப்பர்ப் ஆகிய கார்களுக்கு இந்தப் பக்கம் பொருந்தும். இவற்றில் புளூடூத் போன் மாட்யூல் தனிப் பெட்டியாக இருக்கும், ரேடியோவுக்குள் இருக்காது. மாட்யூலைப் பொருத்திய பிறகும், ‘இங்கே போன் இருக்கிறது’ என்று காருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தச் சொல்லிக்கொடுத்தலைத்தான் கோடிங் என்கிறோம். காரின் மாட்யூல்களை லேப்டாப்பிலிருந்து படிக்கவும் மாற்றி எழுதவும் உதவும் விசிடிஎஸ் என்ற ராஸ்-டெக் நிறுவன மென்பொருளை வைத்து விளக்கியிருக்கிறோம். வேறு மென்பொருளில் திரை மாறும், வேலை மாறாது.

விசிடிஎஸ் கேபிளைச் செருகினால் என் காரில் புளூடூத் வந்துவிடுமா?

மாட்யூலும் மைக்கும் அவற்றுக்கான வயரும் காரில் இருந்தால் வரும். இல்லையென்றால் கோடிங்கில் எதை மாற்றினாலும் வராது. ரேடியோவில் போன் மெனு மட்டும் தோன்றும். அதை அழுத்தினால் ‘போன் தயாராக இல்லை’ என்ற வகையில் ஒரு வரி வந்து நிற்கும். பலர் இதைப் பாதி வெற்றி என்று நினைத்து மறுபடி மறுபடி கோடிங்கை மாற்றுகிறார்கள். அது வெற்றியே அல்ல. ரேடியோ தேடுகிறது, எதிர்முனையில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கோடிங் மட்டுமே போதும் என்ற நிலை மூன்று இடங்களில்தான் வரும். பாகங்கள் எல்லாம் இருந்தும் ரேடியோவை மாற்றியபோது புது ரேடியோவில் போன் கோடிங் விடுபட்டிருப்பது ஒன்று. கேட்வேயை (காரின் மாட்யூல்களுக்கு இடையே தகவலைக் கடத்தும் பெட்டி) மாற்றியபோது அதன் பட்டியலில் போன் சேர்க்கப்படாமல் போனது இன்னொன்று. மூன்றாவது, நீங்களே மாட்யூலும் வயரும் போட்டு முடித்து, கடைசிப் படிக்கு வந்திருப்பது.

பாகங்கள் இருக்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது?

டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் சர்வீஸ் புத்தகத்திலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் மூன்று எழுத்துக் குறியீடுகள் வரிசையாக இருக்கும். 9டபிள்யூ2 அல்லது 9டபிள்யூ7 என்று இருந்தால் கார் தொழிற்சாலையிலிருந்தே புளூடூத் மாட்யூலோடு வந்தது.

ஸ்டிக்கர் கிழிந்துபோயிருந்தால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் அடியில் பாருங்கள். பெரும்பாலான கார்களில் மாட்யூல் அங்கே, கார்பெட்டுக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் அல்லது ஸ்பாஞ்சு உறைக்குள் உட்கார்ந்திருக்கும். சீட்டை முழுவதும் பின்னுக்குத் தள்ளிவிட்டு டார்ச் அடித்தால் தெரியும். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி, 54 பின் கொண்ட ஒரே பெரிய கனெக்டர்.

கூரை விளக்கின் பக்கத்தில் சல்லடைபோல் சிறு ஓட்டைகள் இருப்பதை வைத்து மைக் இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். மைக் இல்லாத காருக்கும் அதே பிளாஸ்டிக்கைத்தான் போடுவார்கள். விளக்கைக் கழற்றிப் பார்த்தால் மட்டுமே உறுதி.

மென்பொருளில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. அதில் பார்ப்பதென்றால் ‘செலக்ட்’ பகுதியில் முகவரி 77, டெலிபோன் என்பதை நேரடியாகத் திறந்து பாருங்கள். எல்லா மாட்யூலையும் வரிசையாகப் படிக்கும் ஆட்டோ ஸ்கேனில் 77 வரவில்லை என்பதை மட்டும் நம்பி மாட்யூல் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். கேட்வே பட்டியலில் சேர்க்கப்படாத மாட்யூல் ஸ்கேனில் விடுபடும், ஆனால் நேரடியாகக் கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடும். பதில் வந்து, பாக எண்ணும் திரையில் தெரிந்தால், உங்கள் வேலை பாதி முடிந்தது.

எந்தக் கேபிள் வாங்குவது? 500 ரூபாய் ஈஎல்எம்327 போதாதா?

போதாது. ஈஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டர் எஞ்சின் சம்பந்தப்பட்ட பொதுவான பிழைக் குறியீடுகளைப் படிக்கத்தான். விசிடிஎஸ் அதனோடு பேசவே பேசாது; அதற்கு ராஸ்-டெக்கின் ஹெக்ஸ்-வி2 அல்லது ஹெக்ஸ்-நெட் கேபிளும் விண்டோஸ் லேப்டாப்பும் வேண்டும். ஹெக்ஸ்-வி2வில் 3 கார், 10 கார், வரம்பில்லாதது என்று வகைகள் உண்டு. சொந்த காருக்கு மூன்று கார் வகையே தாராளம்.

இலவசமாகக் கிடைக்கும் விசிடிஎஸ்-லைட் பழைய கே-லைன் கார்களுக்கானது. கேன் (மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை வயர் இணைப்பு) வழியாகக் கண்டறிதல் நடக்கும் கார்களில் அது வேலை செய்யாது.

விசிடிஎஸ் பெயரில் போலிக் கேபிள்கள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றை வாங்க வேண்டாம் என்றே சொல்வோம். பிழையைப் படிக்கும்போது ஒழுங்காக நடந்துகொள்ளும் போலி, எழுதும் நேரத்தில் இணைப்பை விட்டுவிட்டால் பாதிக்கப்படுவது உங்கள் கேட்வே. ஒரே ஒரு முறைதான் தேவை என்றால் அசல் கேபிள் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போய் அரை மணி நேர வேலைக்குக் காசு கொடுப்பது மேல். ஓபிடி-லெவன் என்ற கைபேசி அடாப்டரிலும் இந்த வேலையைச் செய்யலாம். கார் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர்களில் இருப்பது ஓடிஸ் என்ற மென்பொருள்.

மாட்யூல் இல்லாத காரில் புதிதாகப் போட என்னென்ன வாங்க வேண்டும்?

மாட்யூல், மைக், வயரிங், உறை. இந்த நான்கில் எல்லோரும் மாட்யூலுக்குத்தான் அதிகம் யோசிக்கிறார்கள். சிக்கல் வருவதோ மற்ற மூன்றில்.

மாட்யூலில் 9டபிள்யூ2 பழையது, 9டபிள்யூ7 அதன் பின் வந்தது. பேசுவதற்கு இரண்டும் போதும். ஆனால் ஆரம்பகால 9டபிள்யூ2க்களில் பாட்டை புளூடூத்தில் அனுப்பும் ஏ2டிபி வசதி கிடையாது. பாட்டும் வேண்டுமென்றால் அந்த வசதி உள்ள மாட்யூலா என்று பாக எண்ணை வைத்து உறுதி செய்துவிட்டு வாங்குங்கள்; ரேடியோவும் அதற்கு ஒத்துவர வேண்டும். பழைய கார்களிலிருந்து கழற்றிய மாட்யூலை வாங்கும்போது கனெக்டர் பின்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பாக இருக்க வேண்டும். பின்னின் அடியில் பச்சை மாவு பூத்திருந்தால் அந்த மாட்யூல் தண்ணீர் குடித்திருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மைக்குக்கு 3பி0 035 711 பி என்ற பாகம் இந்தக் குழுமத்தின் பல கார்களில் வருகிறது. இரண்டே வயர். அது எலெக்ட்ரெட் வகை மைக் என்பதால் மாட்யூலிலிருந்து சிறு மின்னழுத்தம் போனால்தான் வேலை செய்யும், அதனால் பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. மைக் வயர் ஷீல்டு போட்டதாக இருக்கட்டும். கூரையிலிருந்து முன்பக்கத் தூண் வழியாக இறக்கி, பக்கவாட்டு மிதிபட்டையின் கீழே சீட்டுக்குக் கொண்டுபோங்கள். மின்சாரம் போகும் தடித்த வயர்களோடு கட்டிவைத்தால் எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு ‘ங்ங்ங்’ எதிர்முனையில் கேட்கும். தூணில் ஏர்பேக் இருக்கிறது. வயரை அதன் பின்னால் கொண்டுபோக வேண்டும். அது விரியும் பாதையில் குறுக்கே போடவே கூடாது.

வயரிங்கில் மாட்யூலுக்குப் போவது இவ்வளவுதான்: நிலையான 12 வோல்ட், எர்த், கேன் இரண்டு வயர், ரேடியோவுக்குப் போகும் ஒலி வயர்கள், மைக் இரண்டு வயர். 12 வோல்ட்டை 5 ஆம்பியர் பியூஸ் வழியாக எடுங்கள். இக்னிஷனில் மட்டும் வரும் மின்சாரத்தில் மாட்டினால், பேசிக்கொண்டிருக்கும்போது சாவியைத் திருப்பியதும் அழைப்பு அறுந்துவிடும். ரேடியோவும் போனும் பேசிக்கொள்ளும் இன்ஃபோடெயின்மென்ட் கேன் வயர்களை நிறத்தால் அடையாளம் காணலாம்: ஹை வயர் ஆரஞ்சில் ஊதாக் கோடு, லோ வயர் ஆரஞ்சில் பழுப்புக் கோடு. ஆரஞ்சில் கறுப்புக் கோடு போட்ட வயரில் கை வைக்காதீர்கள், அது எஞ்சின் கேன். கேன் வயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கியே கொண்டுபோக வேண்டும்.

எந்தப் பின்னில் எது என்பதை உங்கள் மாட்யூல் எண்ணுக்கும் ரேடியோவுக்கும் உரிய வயரிங் படத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும். வேறு மாடலுக்கான படத்தை வைத்து ஊகிக்காதீர்கள். சிறு பின்களில் ஈயம் வைத்துப் பற்றவைக்கவும் வேண்டாம். முனையில் ஏற்கெனவே பின் அழுத்திய ரிப்பேர் வயர்கள் நிறுவனத்தின் பாகக் கடையில் கிடைக்கும். அவற்றை வாங்கிச் செருகினால் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்காத பின் பின்னொரு நாள் கனெக்டரை அழுத்தும்போது பின்னால் தள்ளிக்கொண்டு போகும்.

கோடிங் படிப்படியாக எப்படி?

முதலில் பேட்டரி. எஞ்சின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் போட்டு வேலை செய்யப்போகிறீர்கள். ஓய்வில் 12.5 வோல்ட் காட்டும் பேட்டரி என்றால் கவலையில்லை. 12க்குக் கீழே என்றால் சார்ஜரை மாட்டிவிட்டு ஆரம்பியுங்கள். ஹெட்லைட், ஏசி ஊதி எல்லாம் அணைந்திருக்கட்டும். லேப்டாப்பிலும் சார்ஜ் இருக்கட்டும்.

ஸ்டீயரிங்கின் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் கேபிளைச் செருகி, ‘ஆப்ஷன்ஸ்’ போய் ‘டெஸ்ட்’ அழுத்துங்கள். இன்டர்ஃபேஸ் கிடைத்தது, கேன் ஓகே என்று வந்த பிறகே அடுத்த படி.

இப்போது ஆட்டோ ஸ்கேன் ஓட்டி, முடிந்ததும் கோப்பாகச் சேமியுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. ஒவ்வொரு மாட்யூலின் பழைய கோடிங்கும் அந்தக் கோப்பில் எழுத்துக்கு எழுத்து இருக்கும். நாளைக்கு எது பிசகினாலும் அதிலிருந்து திரும்ப எழுதிவிடலாம். கோப்பு இல்லையென்றால் பழைய நிலை என்னவென்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பிரதியை உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள்.

பிறகு முகவரி 19, கேன் கேட்வே. அதில் ‘கோடிங் 07’, அடுத்து ‘இன்ஸ்டலேஷன் லிஸ்ட்’. காரில் உள்ள எல்லா மாட்யூலும் பட்டியலாக வரும். 77-டெலிபோன் வரியில் டிக் போட்டு ‘சேவ்’. மற்ற எந்த வரியையும் தொடாதீர்கள். அங்கே ஏர்பேக் வரியும் இருக்கிறது, ஏபிஎஸ் வரியும் இருக்கிறது.

மூன்றாவதாக முகவரி 56, ரேடியோ. ‘கோடிங் 07’ திறந்து ‘லாங் கோடிங் ஹெல்பர்’ அழுத்தினால் ஒவ்வொரு பைட்டும் என்ன செய்கிறது என்ற விளக்கத்தோடு வரும். டெலிபோன் பொருத்தப்பட்டுள்ளது என்ற பொருளில் இருக்கும் வரியைத் தேடி அதில் மட்டும் டிக் போடுங்கள். ஆர்சிடி 310, ஆர்சிடி 510, ஆர்என்எஸ் 510 என்று ரேடியோவுக்கு ரேடியோ இந்த வரி வேறு பைட்டில் இருக்கும். ஆகவே வேறொருவர் காரின் முழுக் கோடிங்கை நகலெடுத்து ஒட்டாதீர்கள். அவர் காரில் நான்கு ஸ்பீக்கர், உங்கள் காரில் எட்டு என்றால் பின்பக்க ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிடும்.

நான்காவதாக முகவரி 77. இங்கே காரின் மாடல், மொழி போன்றவை இருக்கும். ஹெல்பர் விளக்கம் தந்தால் அதன்படி அமையுங்கள். வேறு மாடல் காரிலிருந்து வந்த மாட்யூல் என்றால் இந்தப் படி முக்கியம். எதிரொலி நீக்கம் காருக்குள் ஒலி எப்படிப் பரவுகிறது என்பதைப் பொறுத்தது.

எல்லாப் பிழைகளையும் அழித்து, இக்னிஷனை அணைத்து, கதவைப் பூட்டி ஐந்து நிமிடம் விடுங்கள். திரும்ப வந்து மறுபடி ஒரு ஆட்டோ ஸ்கேன். 77 வரியில் பிழை இல்லை என்று வந்தால் போனைத் தேடவிட்டு இணைக்கலாம். மொத்தம் இருபது நிமிட வேலை.

பைட், பிட் என்கிறார்களே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

லாங் கோடிங் என்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட வரி. இரண்டு இரண்டு இலக்கமாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு பைட். எண்ணிக்கை 0விலிருந்து தொடங்குவதால், இடப்பக்கத்து முதல் ஜோடி பைட் 0, அடுத்தது பைட் 1.

ஒரு பைட்டுக்குள் எட்டு ஸ்விட்சுகள் இருக்கின்றன. அவைதான் பிட் 0 முதல் பிட் 7 வரை, வலமிருந்து இடமாக. ஒரு பைட்டில் 20 என்று இருக்கிறது என்று வையுங்கள். அது இருபது அல்ல, பதினாறின் அடிமான எண். ஸ்விட்சுகளாக விரித்தால் 0010 0000. அதாவது பிட் 5 மட்டும் போட்டிருக்கிறது. பிட் 0வையும் போட்டால் 0010 0001, பைட் 21 ஆகும். பிட் 3ஐயும் சேர்த்தால் 0010 1001, அதாவது 29. ஹெல்பரில் டிக் போடும்போது மேலே இந்த இலக்கங்கள் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு டிக்குக்கு ஒரு பைட் மட்டுமே மாற வேண்டும். இரண்டு ஜோடி மாறியிருந்தால் எழுதாமல் வெளியே வந்து மறுபடி தொடங்குங்கள்.

கோடிங்கை ஏற்க மறுக்கிறதே, ஏன்?

காரில் பொருந்தாத மதிப்பை எழுத முயன்றால் மாட்யூல் மறுத்துவிடும். அது நல்லதுதான், பழைய கோடிங் அப்படியே இருக்கும். ஏற்றுக்கொண்டும் பிழை 01044 வந்தால், மாட்யூல் தவறாகக் கோடிங் செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள். மறுபடி 77க்குள் போய் மாடல், மொழி வரிகளைச் சரிபாருங்கள். 00668 வந்தால் மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டது. பெரும்பாலும் பேட்டரி, சில சமயம் நீங்கள் போட்ட எர்த் இணைப்பில் பெயின்ட் சுரண்டப்படாமல் இருப்பது.

கேட்வேயில் டிக் போட்டாயிற்று, ஆனால் 77 பதிலே சொல்லவில்லை.

வயரிங்கைப் பாருங்கள். மாட்யூல் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரில் 12 வோல்ட் வருகிறதா, எர்த் உண்மையில் எர்த்தா என்று முதலில். அடுத்து கேன்.

இந்தக் கார்களின் இன்ஃபோடெயின்மென்ட் கேன் நொடிக்கு 100 கிலோபிட் வேகத்தில் ஓடும் குறைவேக வகை. எஞ்சின் கேனில் எதிர்பார்ப்பதுபோல் இரு வயருக்கும் நடுவே 60 ஓம் தேடாதீர்கள், கிடைக்காது. மின்னழுத்தத்தைப் பாருங்கள். இக்னிஷன் போட்டு ரேடியோ ஓடும்போது ஹை வயர் 0க்குச் சற்று மேலேயும் லோ வயர் 5க்குச் சற்று கீழேயும் நிற்க வேண்டும். கார் உறங்கியபின் லோ வயர் பேட்டரி மின்னழுத்தத்துக்கு ஏறிவிடும். ஹையும் லோவும் மாறிக் காட்டினால் வயரை மாற்றி மாட்டியிருக்கிறீர்கள்.

இந்த வகை கேனுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு வயர் அறுந்தாலும் மற்றதை வைத்துப் பேசிச் சமாளிக்கும். அதனால் போன் வேலை செய்துகொண்டே இருக்கும், கேட்வேயில் மட்டும் ‘ஒற்றை வயர்’ என்ற வகையில் பிழை நிற்கும். போன்தான் ஓடுகிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள். மீதமுள்ள வயரும் ஒரு மழைக்காலத்தில் கைவிட்டால், அதே கேனில் இருக்கும் ரேடியோவையும் அது பாதிக்கும்.

மணி அடிக்கிறது, எடுத்தால் ரேடியோ அடங்குகிறது, ஆனால் குரல் கேட்கவில்லை.

ரேடியோவை அடக்கச் சொல்லும் கட்டளை கேனில் வருகிறது, குரல் தனி ஒலி வயரில் வருகிறது. முதலாவது சரி, இரண்டாவது இல்லை. மாட்யூலிலிருந்து ரேடியோவின் பின்பக்கத்துக்குப் போகும் ஒலி ஜோடி சரியான பின்னில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குமுன் ஒன்று: அழைப்பில் இருக்கும்போதே வால்யூம் குமிழைக் கூட்டிப் பாருங்கள். போனுக்கான ஒலி அளவு ரேடியோ ஒலி அளவிலிருந்து தனியானது; அது அடியில் கிடப்பது தெரியாமல் டாஷ்போர்டையே கழற்றுவதும் நடக்கிறது.

எனக்குக் கேட்கிறது, எதிர்முனைக்கு நான் பேசுவது கேட்கவில்லை.

மைக். 77இன் பிழைப் பட்டியலில் மைக் ‘ஓப்பன் சர்க்யூட்’ என்று இருந்தால் வயர் எங்கோ விட்டிருக்கிறது. பிழையே இல்லாமல் கேட்காவிட்டால் மைக்கின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம். மங்கலாக, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது என்றால் மைக் சல்லடை ஓட்டைக்கு நேராக உட்காரவில்லை, கூரைத் துணியின் பின்னால் நழுவியிருக்கிறது. எதிர்முனையில் தன் குரலே திரும்பக் கேட்கிறது என்று புகார் வந்தால் முதலில் ஸ்பீக்கர் ஒலியைக் குறையுங்கள். அப்படியும் போகாவிட்டால் 77இல் காரின் மாடல் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பொருந்தாத மலிவு மைக்கும் இதைச் செய்யும்.

சோதிக்கும்போது கார் நின்ற இடத்தில் பேசிப் பார்த்து முடித்துவிடாதீர்கள். ஜன்னல்களை ஏற்றி, ஏசி ஊதியை நடுவேகத்தில் வைத்து, பக்கத்தில் இருப்பவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். மைக்குக்கு நேராகக் காற்று ஊதுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

பெயர்ப் பட்டியல் காரில் வரவில்லை.

பெரும்பாலும் கைபேசியில் அனுமதி கொடுக்காததுதான். ஆண்ட்ராய்டில் இணைத்த கார் பெயருக்குப் பக்கத்துச் சக்கரத்தை அழுத்தி, தொடர்புகளைப் பகிர அனுமதியுங்கள். ஐபோனில் அதே இடத்தில் தொடர்புகளை ஒத்திசைக்கும் ஸ்விட்ச் இருக்கும். பட்டியல் பெரிதாக இருந்தால் இறங்க நேரமாகும். முதல்முறை இக்னிஷனை அணைக்காமல் சில நிமிடம் காத்திருங்கள். பெயர்களைத் தமிழில் சேமித்திருப்பவர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி: இந்தக் காலத்து ரேடியோக்களில் தமிழ் எழுத்துரு இல்லை, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டங்களோ வெற்றிடமோ வரும். அடிக்கடி கூப்பிடுபவர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் இன்னொரு பதிவாகச் சேமிப்பது ஒரு வழி.

ஸ்டீயரிங் பட்டனில் போனை எடுக்க முடியுமா?

போன் பட்டன் உள்ள ஸ்டீயரிங்கும், அதைப் படிக்கும் ஸ்டீயரிங் காலம் மாட்யூலும் இருந்தால் முடியும். முகவரி 16இல் பல்செயல் ஸ்டீயரிங் கோடிங் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பட்டன் இல்லாத ஸ்டீயரிங்கில் பட்டனை மட்டும் வாங்கி ஒட்ட முடியாது. ஸ்டீயரிங்கை மாற்றுவது ஏர்பேக்கைக் கழற்றும் வேலை; பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும், பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மாட்யூல் போட்டதிலிருந்து இரண்டு நாளில் பேட்டரி இறங்கிவிடுகிறது.

காரைப் பூட்டியபின் மாட்யூல்கள் ஒவ்வொன்றாக உறங்கப் போக வேண்டும். ஒன்று விழித்திருந்தாலும் கேன் முழுவதும் விழித்திருக்கும். பேட்டரியின் மைனஸ் பக்கத்தில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக மாட்டி, பானெட் பூட்டை ஸ்குரூடிரைவரால் அழுத்தி மூடியதுபோல் காட்டி, காரைப் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்க வேண்டும். நூற்றுக்கணக்கில் நின்றால் போன் மாட்யூலின் பியூஸை எடுத்துப் பாருங்கள். எண் சரிந்தால் குற்றவாளி அந்தப் பக்கம்.

மாட்யூல் பழுதாக இல்லாமலே இது நடக்கும். ஒன்று, கேட்வே பட்டியலில் டிக் விடுபட்டிருப்பது. இன்னொன்று, 2008க்கு முந்தைய கார்களில் ஆர்சிடி 510 அல்லது ஆர்என்எஸ் 510 ரேடியோவைப் போட்டிருப்பது. பழைய கேட்வேக்கள் இந்த ரேடியோக்களை ஒழுங்காக உறங்கவைப்பதில்லை; புதிய கேட்வே போடாமல் அந்தத் தொல்லை தீராது.

சீட்டுக்கடியில் தண்ணீர் வந்தால்?

இந்தக் கார்களில் போன் மாட்யூல் சாகும் வழி பெரும்பாலும் இதுதான். சன்ரூஃப் வடிகால் அடைத்துக்கொண்டாலோ, கதவின் உட்பலகைச் சீல் விட்டாலோ, ஏசி வடிகால் குழாய் அடைத்தாலோ தண்ணீர் கார்பெட்டுக்குக் கீழே சேரும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும். விரலை விட்டு அடியில் உள்ள ஸ்பாஞ்சை அமுக்கினால் கசியும். புது மாட்யூல் போடுமுன் அந்தக் கசிவை நிறுத்துங்கள். மாட்யூலைத் தரையில் படுக்கவைக்காமல், கனெக்டர் கீழ்நோக்கி இருக்கும்படி சற்று உயர்த்திக் கட்டுவதும் நல்லது.

எம்ஐபி எனப்படும் புதிய தலைமுறை ரேடியோ உள்ள கார்களில் இதே முறையா?

இல்லை. அவற்றில் ரேடியோவின் முகவரி 5எஃப். புளூடூத் அதற்குள்ளேயே இருக்கும், சீட்டுக்கடியில் தனி மாட்யூல் இருக்காது. வேறொரு காரில் இருந்த எம்ஐபியை மாட்டினால் காம்பொனென்ட் புரொடெக்ஷன் என்ற திருட்டுத் தடுப்பு பூட்டிக்கொள்ளும். அதை நிறுவனத்தின் சர்வரோடு இணைந்த ஓடிஸ் கொண்டுதான் திறக்க முடியும், விசிடிஎஸ்ஸால் முடியாது. கோல்ஃப் 8 முதல் எஸ்எஃப்டி என்ற இன்னொரு பூட்டும் வந்துவிட்டது. அதில் பல மாட்யூல்களில் படிக்கலாம், எழுத வேண்டுமென்றால் சர்வரிலிருந்து அனுமதி வாங்க வேண்டும்.

ஹேண்ட்ஸ்-ஃப்ரீயில் பேசினால் போலீஸ் அபராதம் போடுமா?

இந்தியாவில் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 184, கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. முதல்முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ விதிக்கலாம். காரின் மைக், ஸ்பீக்கரில் பேசும்போது போன் கையில் இல்லை. ஆனால் இணைக்கவும் எண் தேடவும் போனைக் கையில் எடுத்தால் அந்த நிமிடமே பிரிவுக்குள் வந்துவிடுகிறீர்கள். அதெல்லாம் கார் நகருமுன் முடியட்டும்.

பழைய மாட்யூல் வாங்கினேன், முந்தையவரின் போன்கள் அதில் இருக்கின்றன.

இணைத்த போன்களின் பெயரும், சில மாட்யூல்களில் அவர்களின் பெயர்ப் பட்டியலும் உள்ளேயே தங்கியிருக்கும். போன் மெனுவில் அமைப்புகளுக்குப் போய் ஒவ்வொன்றாக நீக்குங்கள், அல்லது தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். நினைவகம் நிரம்பிய மாட்யூல் புதுப் போனைக் கண்டுபிடித்துவிட்டு இணைக்க மறுப்பதற்கும் இதுவே காரணம். காரை விற்கும்போது உங்கள் போனையும் இதேபோல் நீக்கிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். கைபேசியிலும் அந்தக் காரின் பெயரை மறக்கச் சொல்லுங்கள்.